வாசகர் கேள்வி-பதில்: சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் திருவருகைக் காலம்

கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு முந்தைய நான்கு வாரங்களைச் சிறு குழந்தைகளோடு எப்படிக் கடைப்பிடிப்பது என்று பெற்றோர் பலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். கேள்விகள் பலவாக இருந்தாலும் பெரும்பாலான கடிதங்களில் ஒரே கவலை தென்படுகிறது. நிறையச் செய்ய வேண்டும் என்ற ஆசையோடு தொடங்கி, இரண்டாம் வாரத்திலேயே களைத்துப்போய்க் கைவிட்டுவிடுகிறோம் என்பதே அந்தக் கவலை. ஆகவே என் பதில்கள் பலவும் எதைச் சேர்ப்பது என்பதைவிட எதைக் குறைப்பது என்பதைப் பற்றியவையாகவே அமைந்துவிட்டன.

கேள்வி: திருவருகைக் காலம் எந்த நாளில் தொடங்குகிறது? நாங்கள் வாங்கிய நாட்காட்டியில் டிசம்பர் 1 முதல் 24 வரை நாளுக்கு ஒன்றாகத் திறக்கும் சாளரங்கள் உள்ளன. ஆனால் ஆலயத்தில் நவம்பர் மாதமே முதல் ஞாயிறு வந்துவிட்டது. எதைப் பின்பற்றுவது?

பதில்: கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு முன்வரும் நான்காவது ஞாயிறே தொடக்க நாள். நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் அது எந்தத் தேதியிலும் வரலாம் என்பதால், இக்காலம் ஓர் ஆண்டு 28 நாள்கள் நீளும், வேறோர் ஆண்டு 22 நாள்களிலேயே முடிந்துவிடும். 2022இல் நவம்பர் 27 அன்று தொடங்கியது. அடுத்த ஆண்டான 2023இல் டிசம்பர் 3 அன்று தொடங்கி, நான்காம் ஞாயிறும் விழாவுக்கு முந்தைய நாளும் ஒன்றாகவே வந்தன. அச்சிட்ட நாட்காட்டிகள் எல்லா ஆண்டுக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காக டிசம்பர் முதல் நாளிலிருந்து 24 சாளரங்களோடு தயாரிக்கப்படுகின்றன. இரண்டும் வீட்டில் இருந்தால் இடையூறு ஒன்றுமில்லை. ஆனால் காலத்தின் தொடக்கத்தைக் குழந்தைக்கு உணர்த்துவது ஞாயிற்றுக்கிழமையாகவே இருக்கட்டும். ஆலயத்தில் ஊதா நிறத் திருவுடையைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் குழந்தை, அன்று மாலையே வீட்டிலும் ஒரு மாற்றத்தைக் கண்டால், இரண்டும் ஒரே செயலின் பகுதிகள் என்பதைச் சொல்லாமலே புரிந்துகொள்ளும்.

கேள்வி: எங்கள் நான்கு வயது மகன் நாள்தோறும் காலையில் எழுந்ததும், “அம்மா, இன்றைக்குக் கிறிஸ்துமஸா?” என்று கேட்கிறான். இன்னும் பதினெட்டு நாள், இன்னும் பதினேழு நாள் என்று சொல்லிப் பார்த்தேன். அவனுக்கு எரிச்சல்தான் மிஞ்சுகிறது. காத்திருப்பதை அவனுக்கு எப்படிக் கற்பிப்பது?

பதில்: உங்கள் மகன் கேட்கும் அதே கேள்வியிலிருந்துதான் திருவருகைக் கால வளையம் பிறந்தது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஆதரவற்ற வறிய குழந்தைகளுக்காக 1833இல் ஓர் இல்லத்தைத் தொடங்கியவர் யோஹான் ஹின்ரிக் விக்கெர்ன் என்னும் லூத்தரன் திருச்சபை ஊழியர். கிறிஸ்துமஸ் வந்துவிட்டதா என்று அங்கிருந்த பிள்ளைகள் நச்சரித்துக் கேட்டுக்கொண்டே இருந்ததால், 1839இல் அவர் ஒரு மரச்சக்கரத்தை எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுதிரிகளும் வாரநாள்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுதிரிகளுமாகப் பொருத்தினார். நாளுக்கு ஒன்றாகத் திரிகள் ஏற்றப்பட்டதால், எத்தனை நாள் கடந்திருக்கிறது, எத்தனை நாள் எஞ்சியிருக்கிறது என்பதை எண்ணத் தெரியாத பிள்ளையும் பார்த்து அறிந்துகொண்டது. நான்கு திரிகள் மட்டும் கொண்ட இன்றைய பசுந்தழை வளையம் அதன் சுருங்கிய வடிவமே. கத்தோலிக்கத் திருச்சபைக்குள் அது 20ஆம் நூற்றாண்டில்தான் வந்து சேர்ந்தது.

நான்கு வயதுக் குழந்தைக்கு ‘பதினேழு நாள்’ என்பது வெறும் ஒலி. நேற்று, நாளை என்பவற்றையே அது அப்போதுதான் பழகிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒரு கிண்ணத்தில் கூழாங்கற்கள் குறைந்துகொண்டே வருவதையோ, காகிதச் சங்கிலியின் கண்ணிகள் ஒவ்வொன்றாகக் கழிவதையோ அதனால் நன்றாகப் பார்க்க முடியும். காலையில் மகன் கேட்கும்போது எண்ணைச் சொல்லாமல், “வா, பார்க்கலாம்” என்று அழைத்துச் சென்று ஒரு கண்ணியை அவன் கையாலேயே கழற்றச் சொல்லுங்கள். கேள்வி நின்றுவிடாது, நிற்கவும் வேண்டாம். ஆவலோடு கேட்பதுதான் இக்காலத்தின் இயல்பு என்பதால், உங்கள் மகன் வீட்டில் உள்ள எவரையும்விடச் சரியாகவே இதைக் கடைப்பிடித்துக்கொண்டிருக்கிறான் என்றுதான் சொல்வேன்.

வளையம் செய்வதற்குக் குறிப்பிட்ட ஒரு மரத்தின் தழைதான் வேண்டும் என்ற விதி எதுவுமில்லை. உங்கள் சுற்றுப்புறத்தில் வாடாமல் சில நாள்களாவது பசுமையாக நிற்கும் இலை எதுவானாலும் போதும். மூன்று ஊதாத் திரிகளும் ஓர் இளஞ்சிவப்புத் திரியும் வைக்கும் வழக்கம் உண்டு. நான்கையும் சிவப்பாகவோ வெள்ளையாகவோ வைக்கும் திருச்சபைகளும் உண்டு. இளஞ்சிவப்புத் திரி மூன்றாம் ஞாயிற்றுக்கு உரியது. ஆண்டவரில் எப்போதும் மகிழுங்கள் என்று பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தில் பவுல் கூறும் சொற்களிலிருந்து அந்த ஞாயிறு ‘மகிழ்ச்சி ஞாயிறு’ என்ற தன் பெயரைப் பெற்றது. பாதி வழியைத் தாண்டிவிட்டோம் என்று குழந்தைக்குச் சொல்ல இதைவிட எளிய அடையாளம் கிடைப்பது அரிது.

நெருப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திரியை ஏற்றுவதும் அணைக்கும்வரை அருகில் இருப்பதும் பெரியவர் பொறுப்பு. தழை காய்ந்ததும் மாற்றிவிட வேண்டும். திரைச்சீலைக்கும் காகித அலங்காரங்களுக்கும் எட்டத்தில், குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் வளையம் இருக்க வேண்டும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் மின்கலத்தால் எரியும் விளக்கைப் பயன்படுத்துவதில் எந்தக் குறையும் இல்லை.

கேள்வி: இரண்டு வயதிலும் ஆறு வயதிலும் எங்களுக்குக் குழந்தைகள் இருக்கிறார்கள். மாலைச் செபத்தைத் தொடங்கினால் பெரியவள் திரியை நான்தான் ஏற்றுவேன் என்கிறாள். சின்னவன் ஊதி அணைத்துவிடுகிறான். முடிவில் ஒருவர் அழுகிறார், ஒருவர் கோபித்துக்கொள்கிறார். எதை வாசிப்பது, எவ்வளவு நேரம் உட்கார வைப்பது என்றும் தெரியவில்லை.

பதில்: ஐந்து நிமிடங்கள் போதும். இரண்டு வயதுக் குழந்தைக்கு அதுவே நீண்ட நேரம். ஐந்து நிமிடங்கள் என்று தீர்மானித்துவிட்டால், அதற்குள் எது அடங்கும் என்பதும் தானாகவே தெளிவாகிவிடும்: விளக்கை அணைத்தல், திரியை ஏற்றுதல், இறைவார்த்தையிலிருந்து இரண்டு அல்லது மூன்று வரிகள், ஒரு சிறு மன்றாட்டு, எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாடலின் ஒரு சரணம், திரியை அணைத்தல். நாள்தோறும் இதே வரிசையில் நடக்கட்டும். புதுமை வேண்டும் என்று பெரியவர்கள்தான் நினைக்கிறார்கள். குழந்தைகளோ அடுத்தது என்ன என்பது தமக்கு முன்பே தெரிந்திருப்பதில்தான் மகிழ்கிறார்கள்.

சண்டை வருவதற்குப் பெரும்பாலும் பொறுப்புகள் வரையறுக்கப்படாததே காரணம். யார் எதைச் செய்வது என்பதைப் பருவத்தின் தொடக்கத்திலேயே முடிவு செய்து, கடைசிவரை மாற்றாதிருங்கள். மகள், பெரியவர் ஒருவர் கைப்பிடித்துக்கொள்ள, திரியை ஏற்றட்டும். ஊதி அணைப்பதில் மகனுக்கு இருக்கும் ஆர்வத்தைத் தடுக்க முயலாமல், அதையே அவனுக்கு உரிய பணியாக்கி, செபத்தின் இறுதிச் செயலாக வைத்துவிடுங்கள். தன் முறை வரும் என்று தெரிந்த குழந்தை அதுவரை பொறுத்திருக்கும். இரண்டு வயதில் ஒரு நிமிடம் பொறுத்திருப்பதுகூடக் காத்திருக்கப் பழகுவதுதான்.

வாசகங்களை ஆலயத்திலிருந்தே எடுத்துக்கொள்வது நல்லது. முதல் ஞாயிறு விழித்திருத்தலைப் பற்றியது. இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகளில் திருமுழுக்கு யோவான் வருகிறார். நான்காம் ஞாயிறு முழுவதும் இயேசுவின் பிறப்பை ஒட்டிய நிகழ்ச்சிகளுக்கு உரியது; மூன்றாண்டு வாசகச் சுழற்சியில் ஓராண்டு யோசேப்பின் கனவும், மறு ஆண்டு மரியாவுக்கு வானதூதர் உரைத்த செய்தியும், மூன்றாம் ஆண்டு மரியா எலிசபெத்தைச் சந்தித்ததும் வாசிக்கப்படுகின்றன. இவற்றோடு இறைவாக்கினர் எசாயா நூலின் பகுதிகள் வார நாள்களிலும் தொடர்ந்து வரும். ஓநாயும் ஆட்டுக்குட்டியும் சேர்ந்து தங்கும் காட்சியும், பாலைநிலம் பூக்கும் காட்சியும் சிறு குழந்தைகளின் மனத்தில் எளிதாகப் பதிபவை. ஆறு வயது மகளிடம் அந்த விலங்குகளை வரையச் சொல்லுங்கள். விளக்கம் சொல்லத் தேவையில்லை.

கதை கேட்க விரும்பும் குழந்தை என்றால் ஈசாயின் மரத்தையும் வைத்துக்கொள்ளலாம். ஈசாயின் அடிமரத்திலிருந்து ஒரு தளிர் தோன்றும் என்ற எசாயாவின் வாக்கை (11:1) ஒட்டி, தாவீதின் தந்தையான ஈசாயில் தொடங்கி இயேசு வரையிலான வழிமரபை மரமாகத் தீட்டும் வழக்கம் இடைக்காலத்தில் பரவியது. பிரான்சின் சார்த்தர் பேராலயத்தில் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தகைய வண்ணக் கண்ணாடிச் சாளரம் இன்றும் உள்ளது. வீட்டில் ஒரு சிறு கிளையை நட்டு, படைப்பு, நோவா, ஆபிரகாம், ரூத்து, தாவீது என்று கதைக்கு ஓர் அடையாளமாக அட்டையில் வரைந்து தொங்கவிடுவார்கள். ஆனால் நாளுக்கு ஒரு கதை என்று கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டாம். சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு வாரத்திற்கு இரண்டு கதைகள் போதுமானவை. ஒரே கதையை மூன்று நாள் திரும்பக் கேட்கும் பிள்ளை எதையும் இழந்துவிடுவதில்லை. திருமுழுக்கு யோவானின் தந்தையான செக்கரியாவின் கதையைத் தவறவிட்டுவிடாதீர்கள். வானதூதரின் சொல்லை நம்பாததால் மகனுக்குப் பெயரிடும்வரை பேச முடியாமற்போன அந்த முதியவர், பேசாமலே எதையெல்லாம் பார்த்திருப்பார் என்று கேட்டால் ஆறு வயதுக் குழந்தை வியப்பூட்டும் பதில்களைச் சொல்லும்.

ஒருவேளை ஒரு மாலை செபம் நடக்காமல் போனால், மறுநாள் இரண்டு நாளுக்குச் சேர்த்துச் செய்ய வேண்டாம். விடுபட்டதை ஈடுகட்டத் தொடங்கும்போதுதான் இது சுமையாக மாறுகிறது.

கேள்வி: “இயேசு முன்னமே பிறந்துவிட்டாரே, மறுபடியும் பிறப்பதற்கு ஏன் காத்திருக்கிறோம்?” என்று எங்கள் ஐந்து வயது மகள் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

பதில்: கேள்வி மிகச் சரியானது. அவர் பிறந்துவிட்டார் என்பதையே முதலில் மகளிடம் உறுதிப்படுத்துங்கள். பெத்லகேமில் நடந்தது ஒருமுறை நடந்தது. ஆண்டுதோறும் நாம் அதை நடிப்பதில்லை, நினைவுகூர்கிறோம். அப்படியானால் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதற்கு, 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிளேர்வோ துறவுமடத்துப் புனித பெர்நார்து தம் திருவருகைக் கால மறையுரைகளில் ஒரு விளக்கம் தந்திருக்கிறார். ஆண்டவரின் வருகை மூன்று. மனித உடலெடுத்து வந்தது முதலாவது, காலத்தின் முடிவில் மாட்சியோடு வரப்போவது இறுதியானது, இவ்விரண்டுக்கும் இடையே நம் உள்ளத்திற்குள் நாள்தோறும் மறைவாக வருவது மற்றொன்று.

இதை ஐந்து வயதுக்கு ஏற்றபடி சொல்ல முடியும். “இயேசு அன்று குழந்தையாக வந்தார். இன்று நாம் செபிக்கும்போதும் பிறருக்கு உதவும்போதும் நம்மிடம் வருகிறார். ஒருநாள் எல்லோரும் பார்க்கும்படி வந்து, அழுகிறவர்களின் கண்ணீரையெல்லாம் துடைப்பார். அந்த நாளுக்காகத்தான் காத்திருக்கிறோம்.” இதற்குமேல் சேர்க்க வேண்டியதில்லை.

முதல் ஞாயிற்று நற்செய்தியில் கடல் கொந்தளிப்பு, வானத்தில் அடையாளங்கள் என்று வரும்போது சில குழந்தைகள் அஞ்சிவிடுகின்றன. அந்தப் பகுதியைக் குழந்தைக்கு மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது எங்கே போய் முடிகிறதோ அங்கே வரை வாசியுங்கள். லூக்கா நற்செய்தியில் இயேசு தம்முடையவர்களிடம், இவையெல்லாம் நிகழும்போது தலைநிமிர்ந்து நில்லுங்கள், உங்கள் மீட்பு நெருங்கிவிட்டது என்றே சொல்கிறார் (21:28). வரப்போகிறவர் நமக்குத் தெரிந்தவர், நம்மை நேசிப்பவர் என்பது குழந்தையின் மனத்தில் பதிந்துவிட்டால் அச்சம் தங்காது. உலக முடிவைக் காட்டிப் பிள்ளைகளை அடக்கும் பழக்கத்தை நான் வன்மையாகவே மறுக்கிறேன்.

கேள்வி: ஒவ்வொரு நற்செயலுக்கும் ஒரு வைக்கோல் துண்டைத் தீவனத்தொட்டியில் இட்டு, குழந்தை இயேசுவுக்குப் படுக்கை அமைக்கும்படி பிள்ளைகளுக்குச் சொன்னோம். இப்போது மகள் தம்பியின் வைக்கோலை எண்ணிப் பார்த்து, தன்னுடையதுதான் அதிகம் என்கிறாள். இதை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம், இரு மாற்றங்கள் செய்யுங்கள். முதலாவதாக, தொட்டி ஒன்றே இருக்கட்டும், யார் இட்டது என்று பிரித்தறிய முடியாதபடி எல்லோர் வைக்கோலும் அதில் கலக்கட்டும். பெற்றோராகிய நீங்களும் இட வேண்டும். இரண்டாவதாக, தன் நற்செயலுக்காக ஒருவர் தாமே இடுவதைவிட, பிறர் தமக்குச் செய்த நன்மையைக் கண்டு அவர்களுக்காக இடும் முறைக்கு மாறுங்கள். தம்பி தன்னிடம் பொம்மையைப் பகிர்ந்துகொண்டான் என்பதற்காக அக்காள் ஒரு வைக்கோலை இடும்போது, அவளுடைய கண் தன்னைவிட்டு அவனை நோக்கித் திரும்புகிறது. செயல் அதேதான், ஆனால் கணக்குப் பார்ப்பது நன்றி சொல்வதாக மாறிவிடுகிறது.

இங்கேயே இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் வேறு இரு கடிதங்களிலும் இது வந்திருக்கிறது. ‘நல்ல பிள்ளையாக இருந்தால்தான் பரிசு கிடைக்கும்’ என்று இந்த வாரங்களில் மிரட்டுவது, நாம் கொண்டாடவிருக்கும் செய்திக்கே முரணானது. கிறிஸ்து நம் தகுதியைப் பார்த்து வந்தவர் அல்லர். டிசம்பர் 6 அன்று நினைவுகூரப்படும் புனித நிக்கோலாஸைப் பாருங்கள். 4ஆம் நூற்றாண்டில் சின்ன ஆசியாவின் மீரா நகரில் ஆயராக (பிஷப்பாக) இருந்தவர் அவர். வறுமையில் தவித்த தந்தை ஒருவரின் மூன்று பெண்மக்களுக்காக இரவில் யாருக்கும் தெரியாமல் பொன்முடிப்புகளை அவர் வீட்டுக்குள் எறிந்தார் என்று மரபுவழிக் கதை கூறுகிறது. அந்தப் பெண்கள் நல்லவர்களா என்று அவர் விசாரித்ததாகக் கதையில் இல்லை. டிசம்பர் 6 அன்று பிள்ளைகளிடம் அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, யாருக்கும் தெரியாமல் ஒருவருக்கு ஓர் உதவி செய்து வரும்படி அவர்களை அனுப்புங்கள். இரகசியத்தைக் காப்பது குழந்தைகளுக்குப் பிடித்தமானது; அந்த ஒரு நாளில் யாரும் யாருடையதையும் எண்ணிக் கணக்குப் பார்க்க மாட்டார்கள்.

கேள்வி: பள்ளியிலும் அலுவலகத்திலும் டிசம்பர் முதல் வாரத்திலேயே கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் முடிந்துவிடுகிறது. எங்கும் அலங்காரமும் பாட்டும்தான். வீட்டில் மட்டும் காத்திருக்கச் சொல்வது பிள்ளைகளைத் தண்டிப்பதுபோல் ஆகாதா?

பதில்: வெளியில் நடக்கும் விழாவுக்குப் போகவிடாமல் தடுத்தால் அப்படித்தான் ஆகும். போகட்டும், பாடட்டும், மகிழட்டும். நம் கையில் இருப்பது வீடு மட்டுமே. அங்கே எதையும் ‘கூடாது’ என்று சொல்லாமல், ‘இன்னும் வரவில்லை, வந்துகொண்டிருக்கிறது’ என்று சொல்ல முடியும். இதற்குச் சிறந்த வழி, எல்லாவற்றையும் ஒரே நாளில் அலங்கரித்து முடித்துவிடாமல், வாரத்திற்கு ஒரு படியாக வளரவிடுவது.

குடிலையே எடுத்துக்கொள்ளுங்கள். அசிசியின் புனித பிரான்சிஸ் 1223இல் இத்தாலியின் கிரேச்சியோ என்ற ஊரில் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, தீவனத்தொட்டியில் வைக்கோலைப் பரப்பி, இயேசு பிறந்த வறிய சூழலைக் கண்ணால் காண விரும்பினார். வீடுகளில் குடில் அமைக்கும் பக்தி பரவியதில் அந்த இரவுக்குப் பெரும் பங்கு உண்டு. உங்கள் வீட்டிலும் முதல் வாரம் வெறும் கொட்டகையை மட்டும் வையுங்கள். இரண்டாம் வாரம் விலங்குகள். மூன்றாம் வாரம் இடையர்களும் ஆடுகளும், சற்றுத் தள்ளி. மரியாவும் யோசேப்பும் முதல் நாளிலிருந்தே வீட்டின் மறுகோடியிலிருந்து புறப்பட்டு, அலமாரி, மேசை, சாளரத்திண்ணை என்று நாளுக்கு ஓரிடமாகக் குழந்தையின் கையால் நகர்ந்து வரட்டும். 24 மாலை அவர்கள் கொட்டகையை அடைவார்கள். ஞானிகளோ திருக்காட்சிப் பெருவிழாவான ஜனவரி 6 அன்றுதான் வந்து சேர வேண்டும். உடையாத உருவங்களாகப் பார்த்து வாங்குங்கள். பிள்ளைகள் தொட்டு விளையாட முடியாத குடில், கண்ணாடிப் பேழைக்குள் வைத்த பொருளாகிவிடும்.

இந்த ஏற்பாட்டின் மறுபாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். திருவருகைக் காலத்தில் காத்திருக்கச் செய்தால், கிறிஸ்து பிறப்புக் காலத்தை முழுமையாகக் கொண்டாட வேண்டும். விழாவுக்கு மறுநாளே குடிலைக் கலைத்துப் பெட்டியில் போட்டுவிடும் வீட்டில், நான்கு வாரம் காத்திருந்த குழந்தைக்கு ஒரே ஒரு பகல்தான் கிடைக்கிறது. அது நியாயம் அன்று. குறைந்தது ஜனவரி 6 வரையாவது பாடல்களும் விளக்குகளும் தொடரட்டும், பரிசுகளில் ஒன்றிரண்டைக்கூட அந்த நாள்களுக்கு ஒதுக்கி வைக்கலாம்.

கேள்வி: என் கணவரின் திருச்சபையில் ஆகமன காலம் (திருவருகைக் காலம்) என்று எதுவும் கிடையாது. விவிலியத்தில் இல்லாததை ஏன் கடைப்பிடிக்க வேண்டும் என்று அவர் கேட்கிறார். பிள்ளைகள் முன்னால் வாக்குவாதம் செய்ய விருப்பமில்லை.

பதில்: அவர் சொல்வதில் உண்மை உண்டு. இத்தனை நாள் இப்படிக் கடைப்பிடியுங்கள் என்ற கட்டளை விவிலியத்தில் இல்லை. அதனால்தான் திருச்சபைகளிடையே இவ்வளவு வேறுபாடுகள் உள்ளன. மிலான் நகரின் அம்புரோசியார் வழிபாட்டு முறையில் இக்காலம் ஆறு வாரம். கீழைத் திருச்சபைகள் பலவற்றில் நாற்பது நாள் நோன்பு. ஆகவே வளையமும் நாட்காட்டியும் சமயக் கடமைகள் என்று அவரிடம் வாதாட வேண்டாம். இருவருக்கும் பொதுவாக இருப்பது இறைவார்த்தை. லூக்கா நற்செய்தியின் முதல் இரு அதிகாரங்களைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, டிசம்பர் மாத மாலைகளில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும்படி அவரையே கேளுங்கள். அதற்கு அவர் மறுப்புச் சொல்லக் காரணம் இராது. தந்தையின் குரலில் அந்தக் கதையைக் கேட்டு வளரும் பிள்ளைக்குத் திரியின் நிறம் எதுவாக இருந்தாலும் கவலையில்லை.

கேள்வி: சிறு குழந்தைகளையும் நோன்பு இருக்கச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். இலத்தீன் வழிபாட்டு முறைக் கத்தோலிக்கருக்கு இன்று திருவருகைக் காலத்தில் கட்டாய நோன்பு இல்லை; பொதுவாக நோன்புச் சட்டமே 18 வயது நிறைந்தவர்களையும், இறைச்சி தவிர்க்கும் சட்டம் 14 வயது நிறைந்தவர்களையும்தான் கட்டுப்படுத்துகிறது. நோன்பைக் கடைப்பிடிக்கும் கீழைத் திருச்சபையைச் சேர்ந்தவர் என்றால் உங்கள் பங்குக் குருவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தை தானாக விரும்பி ஓர் இனிப்பை விட்டுக்கொடுத்தால் பாராட்டுங்கள், கேட்டு வாங்காதீர்கள்.

கேள்வி: இரண்டு மாதங்களுக்கு முன்பு என் தாயார் இறந்துவிட்டார். பேரப்பிள்ளைகளோடு ஆண்டுதோறும் வளையம் செய்தவர் அவர்தான். இவ்வாண்டு எதையும் செய்ய மனம் வரவில்லை. பிள்ளைகளோ பாட்டி இல்லாமல் எப்படிச் செய்வது என்று கேட்கிறார்கள்.

பதில்: உங்கள் இழப்புக்காக வருந்துகிறேன். பிள்ளைகள் கேட்பதைக் கவனியுங்கள்: வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை, எப்படி என்று கேட்கிறார்கள். கொண்டாட்டம் வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தாலும் திருவருகைக் காலத்தை விடத் தேவையில்லை. துயரத்தில் இருக்கும் வீட்டுக்கு மிகவும் பொருந்தும் காலம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆறுதல் கூறுங்கள், என் மக்களுக்கு ஆறுதல் கூறுங்கள் என்று எசாயா நூலின் 40ஆம் அதிகாரம் தொடங்குகிறது. நாடு கடத்தப்பட்டு எல்லாவற்றையும் இழந்து நின்ற மக்களுக்குச் சொல்லப்பட்ட சொல் அது. இந்த வாரங்களின் வாசகங்கள் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நடிப்பவை அல்ல. இருளில் இருப்பவர்கள் ஒளிக்காக ஏங்குவதைத்தான் அவை சொல்கின்றன.

பாட்டி செய்தபடியே எல்லாவற்றையும் செய்ய முயல வேண்டாம். ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள், எதை என்று பிள்ளைகளே சொல்லட்டும். வளையம் செய்யும்போது பாட்டி எப்படித் தழையைக் கட்டுவார், எந்தப் பாட்டைப் பாடுவார் என்று அவர்கள் பேசுவார்கள், பேசவிடுங்கள். உங்களுக்கு அழுகை வந்தால் பிள்ளைகள் முன் அழுவதில் தவறில்லை. ஏன் அழுகிறீர்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தாம்தான் காரணம் என்று சிறு குழந்தைகள் எண்ணிக்கொள்ளும். மாலை மன்றாட்டில் பாட்டியின் பெயரைச் சொல்லி வேண்டுங்கள். இறந்தோர் உயிர்த்தெழுவர் என்ற நம்பிக்கையும் ஆண்டவரின் இறுதி வருகையைப் பற்றிய நம்பிக்கையும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதால், இந்த ஆண்டு உங்கள் வீட்டில் ‘வாரும் ஆண்டவரே’ என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அதில் உங்கள் தாயாரும் அடங்கியிருக்கிறார்.

கேள்வி: வேலை நெருக்கடியில் முதல் இரு வாரங்கள் எதையும் தொடங்காமலே கழிந்துவிட்டன. இனித் தொடங்கிப் பயன் உண்டா?

பதில்: நிச்சயமாக உண்டு. டிசம்பர் 17 முதல் திருச்சபையின் வழிபாடே ஒரு புதிய கட்டத்துக்குள் நுழைகிறது. அதுவரை பொதுவாக ஆண்டவரின் வருகையைப் பேசிய வாசகங்கள் அன்றிலிருந்து பெத்லகேமை நேராக நோக்கத் தொடங்குகின்றன. டிசம்பர் 17 முதல் 23 வரை ஏழு மாலைகளில், திருச்சபையின் மாலைச் செபத்தில் வரும் மரியாவின் பாடலுக்கு முன்னும் பின்னும், மெசியாவை ஏழு பெயர்களால் அழைக்கும் ஏழு முன்மொழிகள் (பல்லவி போன்ற சிறு மன்றாட்டுகள்) பாடப்படுகின்றன. 8ஆம் நூற்றாண்டிலேயே உரோமையில் வழக்கில் இருந்தவை இவை. ஏழு மாலைகளுக்கு ஏழு பெயர்கள் என்பது, தாமதமாகத் தொடங்கும் குடும்பத்துக்கு அளந்து வைத்ததுபோலப் பொருந்தும்.

பெயர்களைக் குழந்தைகள் கையில் எடுத்துப் பார்க்கும் பொருள்களாக மாற்றலாம். ஞானமே என்று அழைக்கும் முதல் நாளுக்கு ஒரு புத்தகம். மோசேக்கு எரியும் முட்புதரில் தோன்றிய ஆண்டவரை அழைக்கும் இரண்டாம் நாளுக்குத் தீ நாக்குகளாக வெட்டிய காகிதம். ஈசாயின் வேருக்கு மண்ணோடு பிடுங்கிய ஒரு சிறு செடி. தாவீதின் திறவுகோலுக்கு வீட்டுச் சாவி. விடியலின் கதிரவனுக்கு அன்று எல்லோரும் சேர்ந்து பார்க்கும் சூரிய உதயம். மக்களினங்களின் அரசருக்கு அட்டையில் செய்த கிரீடம். இம்மானுவேலுக்கு வெறும் தீவனத்தொட்டி. மாலையில் அந்தப் பொருளை நடுவில் வைத்து, ‘எங்கள் வீட்டுக்கு வாரும்’ என்று எல்லோரும் ஒருமுறை சொன்னால் அன்றைய செபம் முடிந்தது. வளையமோ நாட்காட்டியோ இதற்குத் தேவையில்லை.

24ஆம் நாள் மாலை குழந்தை இயேசுவின் உருவத்தைத் தொட்டியில் வைக்கும் பொறுப்பை வீட்டில் உள்ள இளையவருக்குக் கொடுங்கள். திருப்பலிக்கு முன்பா பின்பா என்பது உங்கள் வசதியைப் பொறுத்தது. அந்த நேரத்துக்குள் பிள்ளை தூங்கிவிட்டால் எழுப்ப வேண்டாம். தொட்டியைக் காலியாகவே விட்டுவைத்து, காலையில் எழுந்ததும் வைக்கச் சொல்லுங்கள்.